ஒரே ஆப்ஜெக்ட், பல பேர்: கோடு எழுதுகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

டெல்லி துவாரகாவின் செக்டர் 3-இல் நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 16சி-யில் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகம். மாலையில் புளூ லைனில் நொய்டாவிலிருந்தும், சாலை வழியே குருகிராமிலிருந்தும் ஐ.டி. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். இங்கே ஜாவாவோ டாட்நெட்டோ எழுதும் நம் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள்.

1. ஒரு கிளாஸுக்கு வேண்டிய ஆப்ஜெக்டை அதற்குள்ளேயே ‘நியூ’ போட்டு உருவாக்காதீர்கள். கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மார்ட்டின் ஃபவுலரின் 2004 கட்டுரைக்குப் பிறகு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். டெஸ்ட் எழுதும்போது நிஜ டேட்டாபேஸுக்குப் பதில் ஒரு போலியைக் கொடுத்துவிடலாம்.

2. எது பொது, எது தனி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துவாரகாவின் ஹவுசிங் சொசைட்டியில் ஜல் போர்டு தண்ணீர் வந்து விழும் கீழ்த்தொட்டியும் மோட்டாரும் எல்லா வீட்டுக்கும் பொது. குடிக்கிற டம்ளர் அவரவருக்கு. கனெக்‌ஷன் பூல், செட்டிங்ஸ், லாகர் எல்லாம் தொட்டி. பயனரின் லாகின் விவரமும் ஷாப்பிங் கார்ட்டும் டம்ளர்.

3. ஸ்பிரிங்கில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பீன் சிங்கிள்டன்தான், கன்டெய்னருக்கு ஒன்று. டாட்நெட்டில் சிங்கிள்டன், ஸ்கோப்டு, டிரான்சியன்ட் மூன்றில் ஒன்றை நீங்களே சொல்லியாக வேண்டும். எனக்கு டாட்நெட் வழிதான் பிடிக்கும், யோசிக்க வைக்கிறது.

4. இருப்பதிலேயே ஆபத்தானது இது. சிங்கிள்டன் சர்வீஸில் ‘நடப்புப் பயனர்’ என்று ஒரு ஃபீல்டு வைக்கிறீர்கள். ஒருவருடைய ரிக்வெஸ்ட் வந்து அதில் அவர் பெயரை எழுதுகிறது. அவருக்கான பதில் தயாராகும் முன் இன்னொருவருடைய ரிக்வெஸ்ட் அதே இடத்தில் தன் பெயரை எழுதிவிடுகிறது. முதலாமவர் திரையில் அடுத்தவரின் கணக்கு இருப்பு! உங்கள் லேப்டாப்பில் தனியாக ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. கூட்டம் வந்தால்தான் வெடிக்கும். பொது ஆப்ஜெக்டில் ஒரு பயனருக்குரிய எதையும் வைக்காதீர்கள். மெத்தடுக்கு ஆர்கியூமென்டாக அனுப்புங்கள்.

5. ஜாவாவில் சிம்பிள்டேட்ஃபார்மேட்டைப் பொதுவில் வைத்தாலும் இதே கதி, தேதிகள் கலந்துவிடும். ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மேட்டர் மாறாதது, பயமின்றிப் பகிரலாம்.

6. நீண்ட ஆயுள் உள்ளது, குறைந்த ஆயுள் உள்ளதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் டிபிகான்டெக்ஸ்ட் வழக்கமாக ஸ்கோப்டு. அதை ஒரு சிங்கிள்டனின் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால் ரிக்வெஸ்ட் முடிந்தும் சாகாமல், பல த்ரெட்களின் கையில் சிக்கிச் சீரழியும். இதைச் சிறைப்பட்ட சார்பு (கேப்டிவ் டிபென்டன்சி) என்பார் மென்பொருள் எழுத்தாளர் மார்க் சீமன். ஏஎஸ்பி டாட்நெட் கோர் டெவலப்மென்ட் சூழலில் இதைத் தானே கண்டுபிடித்து எர்ரர் காட்டும், புரொடக்‌ஷனில் காட்டாது. அந்த எர்ரர் வந்தால் ‘எல்லாவற்றையும் சிங்கிள்டன் ஆக்கிவிடுவோம்’ என்று போகாதீர்கள். ஸ்கோப் ஃபேக்டரியை வாங்கி, தேவைப்படும்போது புது ஸ்கோப் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். ஸ்பிரிங்கில் புரோட்டோடைப் பீனை சிங்கிள்டனுக்குள் செலுத்தினாலும் ஒரே தடவைதான் வரும். ஒவ்வொரு முறையும் புதிது வேண்டுமானால் ஆப்ஜெக்ட்புரொவைடர்.

7. சிங்கிள்டன் என்றால் ஊருக்கே ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நகலுக்கும் ஒன்று. ஹிக்காரி பூலின் வழக்கமான அளவு 10 கனெக்‌ஷன். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக அனுமதிப்பது 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கீடு. உங்கள் சர்வீஸை 10 நகலாக ஓட்டினால் வேண்டியது 100, இருப்பது 97. பத்தாவதுக்கு முழுப் பங்கு கிடைக்காது. நகல் எண்ணிக்கையைக் கூட்டும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள்.

8. டாட்நெட்டில் ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஹெச்டிடிபிகிளையன்ட் உருவாக்கினால் சாக்கெட்டுகள் தீர்ந்துபோகும். ஒன்றையே ஆயுள் முழுக்க வைத்தாலோ டிஎன்எஸ் மாறியது தெரியாது. ஹெச்டிடிபிகிளையன்ட்ஃபேக்டரி இரண்டையும் சமாளிக்கும். உள்ளிருக்கும் ஹேண்ட்லரை வழக்கமாக 2 நிமிடத்துக்கு மேல் புது கிளையன்ட்டுக்குத் தராது.

9. மூடுவது யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். டாட்நெட் கன்டெய்னர் தான் உருவாக்கியதைத் தானே டிஸ்போஸ் செய்யும்; நீங்கள் உருவாக்கிக் கொடுத்ததைத் தொடாது. ஸ்பிரிங் சிங்கிள்டன்களை மூடும், புரோட்டோடைப்களை உங்களிடமே விட்டுவிடும். ஃபைலோ கனெக்‌ஷனோ திறந்து வைத்திருக்கும் புரோட்டோடைப் என்றால் மூடும் வரியையும் அன்றே எழுதிவிடுங்கள்.