கோதுமை மணிப் பள்ளம்

லிம்போமா என்று சீட்டில் எழுதி வந்த ரத்தத்துக்கு மெஷின் தரும் எண்ணை மட்டும் பார்த்து ரிப்போர்ட் அனுப்ப எனக்கு மனம் வராது. லேபில் என் தொடக்க வருடங்களில் வந்த ஒரு பெரியவர்தான் காரணம். கழுத்தில் கட்டி. வெள்ளை அணுக்கள் 7,800. எண்ணில் எந்தக் குறையும் இல்லை. லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்த்தபோது, சில லிம்போசைட்டுகளின் உட்கருவில் கோதுமை மணியில் இருப்பதுபோல் ஆழமான ஒரு பள்ளம். ஃபாலிகுலர் லிம்போமா ரத்தத்தில் கலந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். டாக்டரிடம் காட்டினேன். ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ததில் அதுதான் என்று தெரிந்தது.

உட்கரு மூளை மடிப்புபோல் சுருண்டிருந்தால் தோலில் தொடங்கும் செசாரி நோயை நினைப்போம். கருநீலச் சைட்டோபிளாசத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைக் குமிழ்கள் தெரிந்தால் உடனே போனை எடுப்பேன். அது பர்கிட் லிம்போமாவாக இருக்கலாம்; ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாகக் கூடியது. லிம்போமா செல் ஒன்றுகூடக் கண்ணில் படாமல், கண்ணீர்த்துளி வடிவச் சிவப்பணுக்களும் உட்கரு உள்ள சிவப்பணுக்களும் சேர்ந்து வந்தால், நோய் எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். நடுவெளிறல் இல்லாத குட்டி உருண்டைச் சிவப்பணுக்கள் நிறைய இருந்தால், உடலே தன் ரத்தத்தை அழிக்கிறதா என்று அறிய கூம்ப்ஸ் டெஸ்ட் கேட்போம்.

தவறும் செய்திருக்கிறேன். முதல் நாள் மாலை எடுத்து, காலையில் வந்த ரத்தம். உட்கருக்கள் மொக்குவிட்டதுபோல் பிளந்திருந்தன. 'அசாதாரண செல்கள்' என்று எழுதிவிட்டேன். புது ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஈடிடிஏ குழாயில் வெகுநேரம் கிடந்ததால் வந்த சிதைவு அது. அந்தக் குடும்பம் அன்றிரவு தூங்கியிருக்காது என்பதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. அதிலிருந்து குழாயில் எழுதியுள்ள நேரத்தைப் பார்க்காமல் ஸ்லைடைத் தொடுவதில்லை. ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுவேன்.

நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள். கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதி, வெள்ளை அணுவைக் கூட்ட ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதி, அண்மையில் வந்த டெங்கு காய்ச்சல், இவற்றை ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். அந்த ஊசிக்குப் பின் முதிராத வெள்ளை அணுக்கள் வெளியே வரும். டெங்குவில் லிம்போசைட்டுகள் பெருத்து நீலம் பூக்கும். விவரம் தெரியாவிட்டால் இரண்டுமே எங்களைத் திசைதிருப்பும். ரத்தம் நார்மல் என்று வந்தாலும், கட்டியில் பயாப்ஸி எடுக்கச் சொல்லியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பல லிம்போமாக்கள் ரத்தத்துக்கு வருவதே இல்லை.