ஊர் ஓட்டப் பந்தயமும் கடைசி ஓட்டக்காரரும்

நம் ஊர்களில் திருவிழாக்களையொட்டி நடைபெறும் விளையாட்டுகளுள் சாலை ஓட்டம் தனிச் சிறப்புடையது. கபடிக்கு ஆடுகளமும் கைப்பந்துக்கு வலையும் வேண்டும். ஓட்டத்துக்கோ ஊர்ச் சாலையும் உடல் வலிமையும் போதும். ஆயினும், எளிதாய்த் தோன்றும் இப் பந்தயமே முன்னேற்பாடின்றி நடத்தப்படுமாயின் தீங்கு விளைவிக்க வல்லது. ஆதலின், அதனைச் செம்மையாக நடத்தும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்து ஊரொன்றில் நிகழ்ந்ததை முதற்கண் கூறுவோம். அது சித்திரை மாதம். காலை ஆறு மணிக்குத் தொடங்கவேண்டிய பந்தயம், கொடியசைக்க வரவிருந்த விருந்தினருக்காக எட்டேமுக்கால் வரை காத்திருந்தது. முதலில் வந்தவருக்கு மாலையிட்டதும், வழியில் நின்ற தொண்டர்களும் பரிசளிப்பைக் காண மேடையருகே வந்துவிட்டனர். அவ்வேளையில் பள்ளி மாணவன் ஒருவன் ஊர்க்கோடியில் ஒரு புளியமரத்தருகே மயங்கிக் கிடந்தான். வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்ற உழவர் ஒருவர் அவனைக் கண்டு, நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீரூற்றிக் காப்பாற்றினார். எத்தனை பேர் ஓடச் சென்றனர், எத்தனை பேர் திரும்பினர் என்று நம்மில் எவரும் எண்ணவில்லை. விழாப் பொறுப்பு நம்மிடமே இருந்தது, தவறும் நம்முடையதே.

அன்று நாம் கற்ற பாடம் ஒன்றுதான். பந்தயத்தின் சிறப்பை முதலில் வருபவரின் வேகத்தால் அளத்தல் ஆகாது. கடைசியாக வருபவர் நலமுடன் வந்து சேர்வதைக் கொண்டே அளத்தல் வேண்டும். கீழ்வரும் ஏற்பாடுகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறப்பவை.

நாளும் நேரமும்

மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலை ஓட்டத்துக்கு ஏற்றது. கோடையில் நடத்தியே ஆகவேண்டுமெனில், பொழுது புலர்ந்தவுடன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்தல் வேண்டும். குறித்த நேரத்தில் ஓட்டம் தொடங்கியே தீரும் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடலாம். விருந்தினர் வரத் தாமதமானால் ஊரின் மூத்தவர் ஒருவர் கொடியசைக்கட்டும். விருந்தினர் பரிசு வழங்கட்டும். வெயில் எவருக்காகவும் காத்திராது.

பாதை

ஊராட்சிச் சாலையே ஏற்றது. பெருவாகனங்கள் செல்லும் நெடுஞ்சாலையையும் இரயில்வே கேட்டையும் தவிர்த்தல் வேண்டும். பாதையைத் தீர்மானிக்குமுன், அதே காலை நேரத்தில் ஒரு முறை நடந்து பார்த்தல் அவசியம். முதற் பேருந்து எப்பொழுது வருகிறது, பால் சங்கத்துக்கு மக்கள் எவ்வழியே செல்கின்றனர், எவ்விடத்தில் நாய்கள் மிகுதி என்பன அப்பொழுதே புலப்படும். அறுவடைக் காலமாயின் சாலையில் தானியம் உலர்த்துவோர் இருப்பர். அவர்களிடம் முன்னரே பேசி, அவர்களுக்கு இழப்பு நேராதவாறு நாளையோ பாதையையோ மாற்றிக்கொள்வதே முறை. காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெறுதலும் வேண்டும்.

தொலைவை அளத்தல்

ஊர் ஓட்டத்துக்கு 5 கிலோமீட்டர் தக்க தொலைவாகும். சிறுவர்க்கு ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் போதும். மதிப்பாகக் கூறும் தொலைவு ஓடுவோரை ஏமாற்றுவதாகும். மிதிவண்டி ஒன்றிருந்தால் அளந்துவிடலாம். சக்கரத்தில் ஓர் அடையாளமிட்டு, வண்டியில் ஆள் ஏறியமர்ந்த நிலையில் பத்துச் சுற்று உருட்டி, அத் தொலைவை நாடாவால் அளக்க வேண்டும். அது 21 மீட்டர் எனக் கொண்டால், நூறு சுற்று 210 மீட்டர்; 5 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,381 சுற்று. ஒருவர் வண்டியைச் செலுத்த, மற்றொருவர் சுற்றுகளை எண்ணி, நூறு சுற்றுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு இடலாம். வளைவுகளில் ஓடுவோர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியையே அளத்தல் வேண்டும். தொலைவு குறைந்துவிடாதிருக்க, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்வது நன்று.

தொண்டரும் எண்ணிக்கையும்

2004-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் மாநகரின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடிய சிறு ஓட்டம், இன்று பார்க்ரன் என்னும் பெயரில் பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடைபெறுகிறது. தொலைவு 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடத்துவோர் தொண்டர்களே. அங்கே கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் அமர்த்தப்படுகிறார். இம் முறையை நாமும் மேற்கொள்ளலாம். மிதிவண்டியுடன் ஒருவர் கடைசி ஆளின் பின்னே வரட்டும். அவர் கடந்து சென்ற பின்னரே வழியில் நிற்கும் தொண்டர்கள் தத்தம் இடத்தை விட்டு நீங்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நிற்றல் இன்றியமையாதது.

ஓடுவோர் ஒவ்வொருவருக்கும் எண் எழுதிய துணியை ஊக்கினால் மார்பில் குத்திவிடுக. பெயர், வயது, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஏட்டில் பதிக. எல்லைக் கோட்டுக்கு அப்பால் கம்பு நட்டுக் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராக வரும் சந்து அமைத்தால், யார் முந்தியவர் என்ற பூசல் எழாது. மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆடுகளை எண்ணிய பின்னன்றோ இடையர் படலைச் சாத்துகிறார்? அவ்வாறே, ஓடச் சென்றோரும் இடையில் நின்றோரும் திரும்பியோரும் கணக்கில் ஒத்த பின்னரே பரிசளிப்பு விழா தொடங்கவேண்டும்.

நீரும் மருத்துவமும்

நூறு பேர் ஓடும் பந்தயத்துக்கு, வழியில் இரண்டு இடங்களில் ஆளுக்கு ஒரு குவளையும் முடிவில் அரை லிட்டரும் எனக் கொண்டால் ஏறத்தாழ 90 லிட்டர் குடிநீர் வேண்டும். மேலே ஊற்றுவதற்கும் சேர்த்து 200 லிட்டர் வைத்திருப்பது நலம். கடைசியில் வருபவருக்குரிய பங்கைத் தனியே எடுத்துவைத்தல் வேண்டும். நாளைக் குறித்தவுடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்து, செவிலியர் ஒருவரை வரச் செய்தல் வேண்டும்.

ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடல் அனலாய்ச் சுட்டாலோ உடனே நிறுத்துக. நிழலுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிறுக. 108 அவசர ஊர்தியையும் அழைக்க. ஊர்தி வரும்வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தலாகாது. நினைவிழந்தவருக்கு வாயில் எதனையும் புகட்டுதல் கூடாது.

பரிசும் கணக்கும்

ஆடவர்க்கும் மகளிர்க்கும் பரிசு சமமாக இருத்தல் வேண்டும். பெருந்தொகைப் பரிசினும், ஓடி முடித்த அனைவருக்கும் ஒரு சான்றிதழும் சிற்றுண்டியும் அளிப்பதே ஊருக்கு ஏற்றது. வரவு செலவுக் கணக்கை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டால், அடுத்த ஆண்டு நன்கொடை கேட்பது எளிதாகும்.

அம் மாணவன் அடுத்த ஆண்டும் ஓட வந்தான். அவனுக்குப் பின்னால் அவ்வாண்டு மிதிவண்டி வந்தது. அவனை முன்னர்க் காத்த அவ்வுழவரே அதனைச் செலுத்தி வந்தார். உங்கள் ஊரில் பந்தயம் நடத்தத் திட்டமிடும்பொழுது, முதற் பரிசு யாது என்று பேசுமுன், கடைசி ஆளுக்குப் பின்னே வருபவர் யார் என்பதை முடிவு செய்க.