விக்கி, வலைப்பூ, வாட்ஸ்அப்: நம் படிப்புக்கு எது எதற்கு?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



இன்றைய விஞ்ஞான யுகத்தில் கைப்பேசி இல்லாத மாணவனைப் பார்ப்பது அரிது. "எந்நேரமும் போனையே நோண்டிட்டு இருந்தா படிப்பு எங்க ஏறும்?" என்று வீட்டில் திட்டு விழுகிறது. வகுப்புக்கு வந்தால் "நோட்ஸ் குரூப்ல போட்டாச்சு, பாத்துக்கோங்க" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒரே போனைத்தான்.

நம்மில் பலர் வீட்டிலிருந்து முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் தடிமனான இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் வாங்கும்போது வயிற்றில் புளி கரைக்கும். சந்தேகம் கேட்க வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ கிடையாது. டியூஷன் வைக்க வசதி இல்லை. அப்படிப்பட்ட நமக்கு இந்தப் போன் ஒரு பெரிய வாய்ப்பு. ஆனால் அதற்குள் இருக்கிற சாதனங்கள் எல்லாம் ஒரே வேலைக்கு ஆனவை அல்ல. லேத்தில் செய்கிற வேலையை ட்ரில்லிங் மெஷினில் வைத்தால் நடக்குமா? அதே கதைதான் இங்கேயும்.

வாட்ஸ்அப்பில் வந்த டேப்பர்

முதலில் எல்லோருக்கும் தெரிந்த வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்வோம். போன வருடம் ஒரு குரூப்பில் டேப்பர் டர்னிங் நோட்ஸ் போட்டோவாகச் சுற்றியது. கணக்கு சுலபமானதுதான். பெரிய விட்டம் 50 மி.மீ., சின்ன விட்டம் 40 மி.மீ., டேப்பர் நீளம் 100 மி.மீ. காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? அந்த நோட்ஸில் இரண்டு விட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமான 10-ஐ நீளம் 100-ஆல் வகுத்து, டேன் மதிப்பு 0.1 என்று போட்டு, விடை 5 டிகிரி 43 நிமிடம் என்று எழுதியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சாயங்காலம் இந்தக் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கண்ணு, இதுல எங்கியோ தப்பு இருக்குது. அம்பதுல இருந்து நாப்பதுக்கு நூறு மில்லில இறங்கறதுன்னா மூணு டிகிரிக்குள்ளதான் நிக்கும்" என்றார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். விட்ட வித்தியாசத்தை டேப்பர் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். சரிவு இரண்டு பக்கமும் இறங்குவதால் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ.தானே வரும்! 10-ஐ 200-ஆல் வகுத்தால் 0.05. விடை 2 டிகிரி 52 நிமிடம். போட்டோவில் அந்த '2' விடுபட்டிருக்கிறது.

சரியான விடையைக் குரூப்பில் போட்டோம். அதற்குக் கீழே பிறந்தநாள் வாழ்த்து, குட் மார்னிங் பூங்கொத்து, ஒரு கிரிக்கெட் வீடியோ. அரை மணி நேரத்தில் திருத்தம் மேலே போய் மறைந்துவிட்டது. தப்பான போட்டோ அதற்குள் வேறு இரண்டு குரூப்புகளுக்குப் போயிருந்தது. எத்தனை கேலரியில் இருக்கிறதோ அத்தனை தப்பு! ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. போட்டோவுக்குள் யாரும் கை வைக்க முடியாது. எழுதி அனுப்பிய செய்தியைக்கூட அனுப்பியவரே, அதுவும் 15 நிமிடத்துக்குள்தான் திருத்தலாம்.

அதனால் வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நாளைக்கு லேப் உண்டா?" என்று கேட்க அதைவிட நல்லது எது? சந்தேகம் கேட்கவும் உதவும், ஆனால் கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. "பத்தாவது கணக்கு தெரியல, யாராச்சும் அனுப்புங்க" என்று கேட்டால் விடைத்தாள்தான் வரும். "மூணாவது வரி வரைக்கும் போட்டுட்டேன், ஏன் இரண்டால் வகுக்கணும்னு புரியல" என்று தன் நோட்டைப் படம் எடுத்துப் போட்டால் விளக்கம் வரும். ஃபேஸ்புக், டெலிகிராம் குழுக்களுக்கும் இதே சங்கதிதான். ஃபேஸ்புக்கே 2004-இல் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பிக்கப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

விக்கி: ஒரே ஏடு, பல கைகள்

வாட்ஸ்அப்பில் ஆயிரம் பிரதி, ஆயிரம் தப்பு என்று பார்த்தோம். விக்கியில் பிரதி ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் அந்த ஒன்றைத்தான் படிக்கிறார்கள், அந்த ஒன்றைத்தான் திருத்துகிறார்கள். இதை முதலில் செய்தவர் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க புரோகிராமர், 1995-ஆம் ஆண்டில். சக புரோகிராமர்கள் தங்கள் அனுபவத்தை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் உடனே மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹொனலுலு விமான நிலையத்தில் 'விக்கி விக்கி' என்று ஒரு பஸ் ஓடுமாம். ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று அர்த்தம். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

விக்கிப்பீடியா பிறந்த கதை இன்னும் சுவையானது. ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் இருவரும் 2000-ஆம் ஆண்டில் நியூபீடியா என்று ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். நிபுணர்கள் மட்டுமே எழுத வேண்டும், ஏழு கட்டப் பரிசோதனை. விளைவு? முதல் வருடத்தில் சுமார் இருபது கட்டுரைகள்தான் தேறின. அதற்கு உதவியாக இருக்கட்டும் என்று 2001 ஜனவரி 15-இல் யாரும் எழுதலாம் என்ற விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். ஒரு வருடத்தில் சுமார் இருபதாயிரம் கட்டுரைகள்! நியூபீடியா 2003-இல் மூடப்பட்டது.

"கண்டவனும் எழுதினா அதை எப்படி நம்புறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி யாரோ விளையாட்டாக எழுதிய பொய், நாலு மாதம் வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதே 2005-இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழ் 42 தலைப்புகளை எடுத்து விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கியில் நாலு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று என்று வந்தது. பிரிட்டானிக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. என் கருத்து, பிழை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, பிழையைப் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் மாணவனுக்கு முக்கியம்.

அந்த வழி பக்கத்தின் மேலேயே இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. 'வரலாறு' என்று ஒரு பொத்தான். அதைத் தட்டினால் அந்தக் கட்டுரை முதல் நாளிலிருந்து எப்படி வளர்ந்தது, யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்று அத்தனையும் வரும். 'உரையாடல்' என்று இன்னொன்று. அங்கே எழுதியவர்கள் வாதாடியிருப்பார்கள். நம்முடைய பாடப் புத்தகம் நமக்கு முடிந்த விடையை மட்டும் கொடுக்கிறது. அந்த விடைக்கு முன்னால் என்ன சண்டை நடந்தது என்று காட்டுவதில்லை. படித்தவர்களும் தடுமாறுவார்கள், திருத்திக்கொள்வார்கள் என்பதை நேரில் பார்க்கும்போது, முதல் தலைமுறை மாணவனுக்கு ஒரு தைரியம் வருகிறது. இதை எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று இருந்தால் அதை அப்படியே பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். எண் இருந்தால் கீழே போய் எந்தப் புத்தகம் என்று பாருங்கள். நம்ம லைப்ரரியிலேயே இருக்கலாம்.

புனேயில் நடந்தது

விக்கியைப் படிப்பது ஒன்று, மாணவர்களே எழுதுவது இன்னொன்று. நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய முயற்சி நடந்தது. 2011-ஆம் ஆண்டில் விக்கிமீடியா நிறுவனம் புனே நகரத்துக் கல்லூரிகள் சிலவற்றில், பொறியியல், பொருளாதார மாணவர்கள் தங்கள் பாடங்களைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பலர் பாடப் புத்தகத்திலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் வரி வரியாக எடுத்து அப்படியே ஒட்டிவிட்டார்கள். அது காப்புரிமை மீறல். உலகின் பல மூலைகளிலிருந்து சம்பளம் வாங்காமல் உழைக்கும் தொண்டர்கள் அவற்றைத் தேடித் தேடி நீக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதுகிறோம்? போன வருட சீனியரின் நோட்டைப் பக்கத்தில் வைத்து, படம் உட்பட, எழுத்துப் பிழை உட்பட! புத்தகத்தில் இருப்பதை ஒரு சொல் மாறாமல் எழுதினால் முழு மார்க் என்று சின்ன வயதிலிருந்து பழக்கிவிட்டு, திடீரென்று சொந்த நடையில் எழுது என்றால் எப்படி வரும்?

இங்கேதான் தமிழில் எழுதுவதன் அருமை எனக்குப் பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு இதற்காகக் கட்டுரைப் போட்டி நடத்தியிருக்கிறது. இலக்கியம், வரலாறு, சினிமா என்று தேடினால் நிறையக் கிடைக்கும். நம்ம பட்டறைச் சங்கதிகளில் சேர்க்க வேண்டியது இன்னும் ஏராளம். இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துத் தமிழில் ஒரு பத்தி எழுத உட்காருங்கள். காப்பி அடிக்கவே முடியாது! புரிந்தால்தான் எழுத வரும். புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும். எங்கே நிற்கிறதோ அதுதான் நாளைக்கு வாத்தியாரிடம் கேட்க வேண்டிய சந்தேகம்.

மொழிபெயர்ப்பு மெஷினும் செயற்கை நுண்ணறிவும் நொடியில் எழுதித் தருமே என்று சிலர் சொல்கிறார்கள். தரும். 'டெட் சென்டர்' என்பதைச் 'செத்துப்போன மையம்' என்று அது எழுதினால், தப்பு என்று கண்டுபிடிக்க நமக்கு டெயில்ஸ்டாக் தெரிந்திருக்க வேண்டுமே.

சொற்களுக்குத் தயங்க வேண்டாம். லேத்துக்குக் கடைசல் இயந்திரம் என்று அழகான தமிழ் இருக்கிறது. பட்டறையில் இன்றும் 'கடைசல் பிடிக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். சக் என்பதற்குச் சட்டென்று சொல் வராவிட்டால் சக் என்றே எழுதி, அது வேலைப் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகம் என்று ஒரு வரி சேருங்கள். நல்ல சொல் தெரிந்தவர் வந்து மாற்றுவார், அதற்காகத்தானே விக்கி.

அப்பாவுக்குத் தெரிந்தது எங்கே போகும்?

விக்கிப்பீடியாவில் ஒரு கண்டிப்பு உண்டு. வெளிவந்த புத்தகமோ இதழோ சான்றாக இருக்க வேண்டும். "எங்க அப்பா சொன்னார்" என்பது அங்கே செல்லாது. அது சரியான விதி என்றுதான் நினைக்கிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். ஆனால் வார்ப்பிரும்பு கடையும்போது தூள் எப்படி உதிரும், எஃகு கடையும்போது சுருள் எப்படி வரும், டூலை அதிகமாக நீட்டிப் பிடித்தால் என்ன சத்தம் போடும், அந்தச் சத்தம் கேட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குள் இருக்கிறது. அது எங்கே எழுதப்படும்?

அதற்குத்தான் வலைப்பூ. 1999-இல் பிளாக்கர் என்ற இலவச வசதி வந்தபின் கணினி நிரல் தெரியாதவர்களும் தங்களுக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ள முடிந்தது. 2003-ஐ ஒட்டித் தமிழிலும் நிறையப் பேர் எழுத வந்தார்கள். இங்கே சான்று கேட்க யாரும் இல்லை, நம்ம பெயரும் நம்ம அனுபவமும்தான் சான்று. தேதி போட்டு, எந்த மெஷின், எந்த உலோகம், என்ன வேகம், என்ன நடந்தது என்று பத்து வரி எழுதினால் போதும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டினால், "அப்படி இல்ல, முதல்ல பெல்ட்டப் பாக்கணும்" என்று அவரே திருத்துகிறார். தமிழில் இருப்பதால்தான் அது முடிகிறது. என் இங்கிலீஷ் நோட்டை அவரிடம் நீட்டினால் என்ன செய்வார், பாவம்!

கடைசியாக ஒரு தகவல். எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து, டேப்பர் டர்னிங்கின் முறைகளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். விக்கிப்பீடியாவில் பயனர் கணக்கு தொடங்கினால் 'மணல்தொட்டி' என்று எழுதிப் பழக ஒரு இடம் கிடைக்கும், இப்போது அங்கேதான் வேலை நடக்கிறது. டெயில்ஸ்டாக் நகர்த்தும் முறை, காம்பவுண்ட் ரெஸ்ட் முறை இரண்டும் முடிந்தது. ஃபார்ம் டூல் பாக்கி. படம் வரையத் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கிறோம். சிவில், எலக்ட்ரிக்கல் தோழர்கள் தங்கள் பாடத்தில் ஒன்றை எடுத்துச் செய்யலாம். விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள். பாடப் புத்தகத்தையும் கையோடு கொண்டு வாருங்கள், சான்றுக்குப் பக்க எண் வேண்டும்.