ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லையா? ஃபார்மட் அடிக்கக் கிளம்பாதீர்கள்

புதுக்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவன் நான். “சார், ஆன்டிவைரஸ் அப்டேட் ஆக மாட்டேங்குது” என்று லேப்டாப்போடு வந்து நிற்காத மாணவர் குறைவு. பாதியில் நின்ற பச்சைக் கோடு, அல்லது மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. இந்தக் கோளாறைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் தப்பான முடிவு ஒன்றை எடுத்துவிட்டிருப்பார்கள். விடுதி அறை நண்பன் போட்டிருக்கிறான் என்று எதையோ போட்டிருப்பார்கள். “காசு கொடுத்து வாங்குறதுதான் நிக்கும்” என்று அப்பா சொன்னதால், ஏற்கெனவே இருந்ததன் மேலேயே இன்னொன்றும் ஏறியிருக்கும். கடைசியில் கடைக்காரர் ஃபார்மட் அடிக்கச் சொன்னார் என்று ஃபார்மட்டும் முடிந்திருக்கும். அதற்குப் பிறகும் அப்டேட் ஆகாது.

எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

முதலில் தேதி. திரையின் வலது கீழ் மூலையில் 2012 என்றோ 2015 என்றோ காட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. பழைய லேப்டாப்களில் நாணயம் அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி உள்ளே இருக்கும். அது செத்துப்போனால், சார்ஜ் முழுக்க இறங்கும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடும். அப்டேட் தரும் சர்வர் காட்டும் சான்றிதழ் இந்த ஆண்டுக்கு உரியது. 2012இல் நிற்கும் லேப்டாப்புக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் தொடர்பையே மறுத்துவிடும். தேதியைத் திருத்தினால் அப்டேட் ஓடும். பேட்டரியை மாற்றினால் மறுபடி வராது.

அடுத்து ஹாட்ஸ்பாட். நம் பிள்ளைகள் பெரும்பாலும் போன் டேட்டாவில்தான் லேப்டாப்பை ஓட்டுகிறார்கள். அந்த இணைப்பு ‘மீட்டர்டு’ என்று குறிக்கப்பட்டிருந்தால், டேட்டாவை மிச்சப்படுத்த விண்டோஸ் பல அப்டேட்களை நிறுத்திவைக்கும். செட்டிங்ஸில் அதை மாற்றிவிடலாம். மூன்றாவது, சி டிரைவில் இடம். சிவப்புக் கோடு தெரியும் அளவுக்கு நிரம்பியிருந்தால் இறக்கியதை விரிக்க இடமிருக்காது. நான்காவது, ஆன்டிவைரஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று சந்தேகப்படும். சோதனைக் காலம் முடிந்த ஒன்று இருந்தால் அது தானும் அப்டேட் ஆகாது, விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கும் சரியாக வழிவிடாது. கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் மட்டும் சில முழுதாகப் போகாது. அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைக் கொண்டு எடுக்க வேண்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவருக்கு உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் போதும் என்பது என் கட்சி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளக் கோப்புகளை 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. சிக்னல் திணறும் கிராமத்தில் இருப்பவர்கள் அந்தக் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து கல்லூரி லேபிலேயே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். 32 பிட்டா 64 பிட்டா என்று மட்டும் பார்த்து இறக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டும் நம் ஊரில் கிடைக்கின்றன; இரண்டுக்கும் ஆஃப்லைன் அப்டேட் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கு பார்க்கும் அப்பாவின் கடைக் கணினிக்கு வாங்கலாம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஏற்றினால் எதுவானாலும் நகராது.

இலவச ஆன்டிவைரஸ்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவாஸ்ட் தன் துணை நிறுவனம் ஒன்றின் வழியாகப் பயனாளர்களின் இணைய நடமாட்டத்தை விற்றது 2020இல் அம்பலமானது. அதற்காக 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டவைத்தது. காவலுக்கு வைத்தவரே நம்மை நோட்டம் பார்ப்பானேன்?

லினக்ஸ் நல்ல வழி, எல்லோருக்கும் அல்ல. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பிள்ளைகளில் பலர் முதல் வேலையாக அதைத்தான் அழித்தார்கள். அதை வைத்துப் பழகியவர்களில் சிலர் இன்று சர்வர் வேலையில் இருப்பதைப் பார்க்கிறபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம் வரும்.

எல்லாவற்றையும்விட விரிவாகச் சொல்ல வேண்டியது ஃபார்மட்டைப் பற்றி. நம் ஊரில் இதற்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. லேப்டாப் மெதுவாகப் போனால் ஃபார்மட், பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் வந்தால் ஃபார்மட், அப்டேட் ஆகாவிட்டாலும் ஃபார்மட். காலையில் கொடுத்து மாலையில் வாங்கினால் பளிச்சென்று இருக்கும்; பெற்றோருக்கும் திருப்தி. உள்ளே நடந்தது என்ன?

பழைய விண்டோஸ் 7 கதையை விட்டுவிடுவோம். விண்டோஸ் 8 முதல், லேப்டாப்போடு வரும் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி போட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும். பல கடைகளில் அதைப் பார்ப்பதில்லை. கைவசம் இருக்கும் பென்டிரைவிலிருந்து வேறொரு பதிப்பைப் போட்டு, ஆக்டிவேட்டர் என்ற கிராக்கை ஓட்டுகிறார்கள். அந்தக் கிராக்கை டிஃபெண்டர் பிடிக்கும் என்பதால் முதலில் டிஃபெண்டரை அணைப்பார்கள். கிராக் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்துவார்கள். காசு கொடுத்த உரிமம் போய், திருட்டு விண்டோஸ் வந்து, அப்டேட் நிரந்தரமாக நின்றுவிட்டது. எதைச் சரிசெய்யக் கொடுத்தோமோ அதையே கெடுத்துக் கூலியும் கொடுத்திருக்கிறோம்.

அடுத்தது, “டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்” என்ற வாக்கு. அது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டை டெஸ்க்டாப்பில் வைத்திருந்த மாணவி ஒருவர், வைவாவுக்கு முந்தைய வாரம் அதைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தார். அவருக்கு இருந்த கோளாறு தேதி மட்டும்தான்.

வைரஸ் நிஜமாகவே உள்ளே இருக்கிறதா என்று அறியவும் ஒரு வழி உண்டு. மற்ற தளங்களெல்லாம் திறந்து, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். பல வைரஸ்கள் அந்த வழியைத்தான் முதலில் அடைக்கும். அப்போதும் உடனே ஃபார்மட் வேண்டாம். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி மறுபடி எழுந்து, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. இவையெல்லாம் தோற்றால், கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் விண்டோஸைப் போடலாம். அந்த ஃபார்மட்டுக்கு நான் எதிரி அல்ல.

சில நேரம் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது மட்டும்தான். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. மூடியே கிடந்த லேப்டாப்களைத் திறந்தபோது சேர்ந்துபோன அப்டேட் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கியது. நிற்கிறது என்று நினைத்துப் பாதியில் அணைத்தவர்களுக்குத்தான் கோளாறு வந்தது. அப்டேட்டும் தவறு செய்யும் என்பதும் உண்மை. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தப்பான அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அறிவுடைமை ஆகாது.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பிழைச் செய்தி வந்ததும் மூடிவிடாதீர்கள்; ஆங்கிலம் என்று பயப்படாமல் இரண்டு முறை படியுங்கள், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற இந்த மாவட்டத்துப் பெண்கள், விழுந்து எழுந்துதான் பழகினார்கள். உங்கள் பாட்டிகளுக்கு இருந்த பொறுமை உங்களுக்கும் இருக்கும். கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ருசி தெரிந்தவருக்கு லினக்ஸும் நெட்வொர்க்கும் காத்திருக்கின்றன. அந்த நாட்டம் இல்லாதவர் டிஃபெண்டரோடு நிம்மதியாக இருக்கலாம், அதில் குறைவொன்றுமில்லை. அடுத்தவன் போட்டிருக்கிறான் என்பதற்காக மட்டும் எதையும் போடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். லேப்டாப்பைக் கடையில் நீட்டியதும் ஃபார்மட் என்று சொல்பவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவரிடம் கொடுங்கள்.