செவ்வாயில் ஒரு மண்வெட்டி

நம்பிக்கை: செவ்வாய்க்கு ரோபோக்களே போதும், மனிதர் எதற்கு?

உண்மை: 2018 நவம்பரில் அங்கே இறங்கிய இன்சைட் கலம், தரைக்குள் 5 மீட்டர் ஆழத்துக்குப் போய் வெப்பம் அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுபோயிருந்தது. தன்னைத்தானே ஆணிபோல் அடித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டிய கருவி. எதிர்பார்த்த பொலபொலப்பான மணல் அங்கில்லை; மண் கட்டிதட்டிப் போயிருந்தது. பிடிமானம் கிடைக்காமல் கருவி நின்ற இடத்திலேயே துள்ளியது. பூமியிலிருந்த பொறியாளர்கள் கலத்தின் இயந்திரக் கையால் அழுத்திப் பார்த்தார்கள், மண்ணைச் சுரண்டி மேலே போட்டார்கள். ஏறத்தாழ 2 ஆண்டுகள் போராடி, 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். கருவியின் தலை அப்போது தரைமட்டத்துக்குக் கீழே 2, 3 சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தால் அது அரைநாள் வேலை. அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் அனுப்பும் ஒரு கட்டளை போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும்.

செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 14 ஆண்டுகளில் ஓடியது 45 கிலோமீட்டர். 1972-இல் அப்போலோ 17 வீரர்கள் நிலவில் மூன்றே நாளில் சுமார் 35 கிலோமீட்டர் வண்டி ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹாரிசன் ஷ்மிட் நிலவியலாளர். காலடியில் ஆரஞ்சு நிற மண் தென்பட்டதுமே அங்கேயே பள்ளம் பறித்தார். பழைய எரிமலை கக்கிய கண்ணாடித் துகள்கள் அவை.

நம்பிக்கை: மூச்சுக்காற்று முதல் திரும்பி வருவதற்கான எரிபொருள் வரை எல்லாவற்றையும் இங்கிருந்தே சுமக்க வேண்டும்.

உண்மை: செவ்வாயின் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. அதோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் எரிபொருளாகும் மீத்தேனும் நீரும் கிடைக்கும். நீரைப் பிரித்தால் ஆக்சிஜன். திரும்பும் கலத்தை முதலில் ஆளில்லாமல் அனுப்பி, அது எரிபொருளைத் தயாரித்து முடித்த பிறகே மனிதர் கிளம்பலாம் என்று ராபர்ட் ஜூப்ரினும் டேவிட் பேக்கரும் 1990-இலேயே திட்டம் தந்தார்கள். 2021 முதல் 2023 வரை பெர்சிவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி கருவி, அந்தக் கரியமில வாயுவிலிருந்தே 122 கிராம் ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. ஒருவருக்குச் சில மணி நேர மூச்சுதான். ஆனாலும் எனக்கு அது பெரிய செய்தி.

நம்பிக்கை: போய்ச்சேர்வதற்குள் உடல் ஓய்ந்துவிடும்.

உண்மை: ஒருவழிப் பயணம் ஆறேழு மாதம். கதிர்வீச்சு மெய்யான ஆபத்து, அதை மூடி மறைக்கக் கூடாது. எடையின்மையைப் பொறுத்தவரை, ருஷ்ய மருத்துவர் வலேரி பொலியகோவ் மீர் விண்வெளி நிலையத்தில் 437 நாள் தங்கி, 1995 மார்ச்சில் தரையிறங்கினார். வழக்கமாக வீரர்களைத் தூக்கிக்கொண்டுபோய்த்தான் உட்கார வைப்பார்கள். அவர் நாற்காலி வரை தானே நடந்துபோய் உட்கார்ந்தார்.