நள்ளிரவு வியர்வையும் கலையும் உறக்கமும்

மகளிர் மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு வந்த 49 வயது ஆசிரியை ஒருவர், தம் குறையைச் சொல்லத் தொடங்குமுன் கைப்பையிலிருந்து ஒரு பூந்துவாலையை எடுத்து மேசைமீது வைத்தார். "ஒவ்வோர் இரவும் இதைத் தலையணைமேல் விரித்துப் படுக்கிறேன் டாக்டர். விடியற்காலையில் பிழிந்து காயப்போடுகிறேன்" என்றார். எட்டு மாதங்களாக அவருக்கு மாதவிடாய் சீராக இல்லை. இரவில் நான்கைந்து முறை உடல் கொதித்து, வியர்த்து, பின்னர் குளிரெடுத்து விழிப்பு வந்துவிடுகிறது. பகலில் கரும்பலகையின் முன் நிற்கும்போதே கண் செருகுகிறது. மாணவர்களிடம் குரல் உயர்த்தியே அறியாதவர், இப்போது பள்ளியிலும் வீட்டிலும் சினந்துகொள்வதாகத் தாமே சொன்னார். விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்ற எண்ணம்வரை வந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் அவர் கேட்டார்: "இது வயதுக் கோளாறுதானே? இதற்கெல்லாம் மருத்துவம் உண்டா?"

உண்டு. ஆயினும் இந்தக் கேள்விக்கு மருத்துவர்களாகிய நாங்களும் நெடுங்காலம் சரியாக விடை சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "இயல்புதான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியவர்களுள் நானும் ஒருத்தி. இயல்பு என்பது உண்மை. ஆனால் "போகப் போக" என்பது எத்தனை காலம்? அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 2015இல் வெளியான ஆய்வொன்றில், அடிக்கடி வரும் வெப்ப அலைகளும் இரவு வியர்வையும் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் எனக் கண்டறியப்பட்டது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொல்லை தொடங்கியவர்களுக்கு அது இன்னும் நீண்டது. இந்தியப் பெண்களைத் தனிப் பிரிவாகக் கொண்ட ஆய்வன்று அது. எனினும் ஏழாண்டு உறக்கமின்மையைப் பொறுத்துக்கொள் என்று எவருக்கும் அறிவுரை கூற இயலாது என்பதற்கு அதுவே போதும்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அதனை மாதவிடாய் நிறைவு என்கிறோம். மெனோபாஸ் என்று பலரும் குறிப்பிடுவது இதனையே. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதை ஒட்டி நிகழ்கிறது. நம் நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. தொல்லைகள் பெரும்பாலும் அப்போதே தொடங்கிவிடும்.

நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உடலின் வெப்பநிலையைக் காவல் காக்கிறது. உடல் வெப்பம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ அது உடனே பதறுவதில்லை. சிறிய ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அப்பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் மிகையாகத் தூண்டப்படுகின்றன. பொறுத்துக்கொள்ளும் எல்லை மிகவும் குறுகிவிடுகிறது. அதன்பின் ஒரு போர்வையின் கதகதப்பு, ஒரு குவளைச் சூடான பால், மனத்தில் எழும் ஒரு கவலை எதுவாயினும், உடல் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என மூளை தவறாக முடிவு செய்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் மார்பும் சிவந்து கொதிக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, வியர்வை பெருகுகிறது. சில நிமிடங்களில் உடல் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுவதால் நடுக்கம் எடுக்கிறது. போர்வையை உதறித் தள்ளிவிட்டு, ஐந்து நிமிடத்தில் அதையே தேடி இழுப்பது இதனால்தான். இது மனப்பிரமையும் அன்று, பொறுமைக் குறைவும் அன்று.

வியர்வை மட்டுமே விழிப்புக்குக் காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. மாதவிடாய் நிறைவுக்குப்பின் பெண்களிடம் குறட்டையுடன் கூடிய மூச்சுத் தடை மிகுதியாகிறது. நீங்கள் பலமாகக் குறட்டை விடுவதாகவோ, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ அருகில் படுப்பவர் சொன்னால், அச்செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். நாணப்பட அதில் ஏதுமில்லை.

எல்லா இரவு வியர்வையும் இதனால் வருவதன்று

நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு எது வந்தாலும் "அந்த வயசு" என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால் நேரும் இடர் பெரிது. 52 வயதான ஒருவர், பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு உடல் தெப்பமாக நனைந்து எழுவதாகச் சொன்னார். வெப்ப அலை என்றே அவரும் நம்பினார், வீட்டாரும் நம்பினர். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை உட்கொண்டு வந்தவர் அவர். எடையைக் குறைக்க இரவு உணவை ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார். அடுத்த முறை விழிக்கும்போது விரலில் குத்திப் பார்க்கச் சொன்னோம். இரத்தச் சர்க்கரை 54 மில்லிகிராம். 70க்குக் கீழ் இறங்கினாலே தாழ்சர்க்கரை. குளுக்கோமீட்டர் அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. இரவில் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மாத்திரையின் அளவை மாற்றி, இரவு உணவைச் சீர்செய்ததும் வியர்வை நின்றுவிட்டது.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் ஆகியவற்றோடு இரவு வியர்வையும் சேர்ந்தால் காசநோய்க்கான பரிசோதனை தேவை. கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டாலும் காலம் தாழ்த்தாதீர்கள். கை நடுக்கம், ஓயாத படபடப்பு, நன்றாக உண்டும் எடை குறைதல் ஆகியவை தைராய்டு மிகைச் சுரப்பின் அறிகுறிகளாகலாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் வியர்வையை உண்டாக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், வலி இல்லாவிடினும், அதே வாரத்தில் வந்து காட்டுங்கள்.

படுக்கையறையில் செய்யத்தக்கவை

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது உலர்ந்தால்தான் குளிரும். எனவே உங்களுக்கு முதல் தேவை காற்றோட்டம். கூரை விசிறியோடு, கால்மாட்டில் ஒரு மேசை விசிறியும் இருந்தால் நன்று. அதன் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தளம், இரவு நெடுநேரம் வெப்பத்தை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தால் கோடையில் அங்கே படுப்பது மேல். தடித்த நுரை மெத்தை உடற்சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் கோரைப்பாயையும் பருத்தி விரிப்பையும் இட்டுப் பாருங்கள். வழவழப்பான பாலியெஸ்டர் நைட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலைக்கு ஈடான இரவு உடையை நான் இதுவரை கண்டதில்லை.

தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர், உலர்ந்த துண்டு, மாற்று உடை ஆகிய மூன்றையும் படுக்குமுன்பே வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த உடையை மாற்றுவதற்காக விளக்கைப் போட்டு, பீரோவைத் திறந்து, ஒருமுறை நடமாடிவிட்டால் வந்த உறக்கமும் ஓடிவிடும். தடித்த ஒரே போர்வைக்குப் பதில் மெல்லிய இரண்டு போர்வைகள் இருக்கட்டும். கணவருக்குக் குளிர், உங்களுக்குப் புழுக்கம் என்றால் ஆளுக்கொரு போர்வை என்பதே எளிய தீர்வு.

காப்பியைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் எவரும் விரும்புவதில்லை. ஆயினும் அதிலுள்ள கஃபீன் பாதியளவு குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கிறது. பிற்பகலோடு அதை நிறுத்துங்கள். காரமான உணவு எல்லாருக்கும் வெப்ப அலையைத் தூண்டுவதில்லை; இரண்டு வாரம் குறித்துப் பார்த்து, உங்களுக்குத் தூண்டினால் மட்டும் இரவில் விலக்கினால் போதும்.

மேற்சொன்னவை இரவைத் தாங்கத்தக்கதாக ஆக்கும். வெப்ப அலைகளின் எண்ணிக்கையை இவை பெரிதாகக் குறைப்பதில்லை. ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியும் அத்தகையதே. கொதிப்பு அடங்கியபின் படபடப்பைத் தணித்து மீண்டும் உறங்க அது துணைசெய்யும். அடுத்த கொதிப்பைத் தடுக்காது.

உறக்கத்தை மீட்கும் முறை

பல மாதங்கள் படுக்கையில் விழித்தே கிடந்தால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. வியர்வை குறைந்தபின்னும் சிலருக்கு உறக்கம் திரும்பாமைக்கு இதுவே காரணம். இதனை மாற்றுவதற்கென வகுக்கப்பட்ட அறிவுசார் நடத்தைப் பயிற்சி, மாதவிடாய் நிறைவுக்காலத் தூக்கமின்மைக்கும் பயன் தருகிறது. அதன் சாரம் எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். முந்தைய இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். உறக்கம் வந்தபின்பே படுங்கள். இருபது நிமிடம்போல் ஆகியும் உறக்கம் வரவில்லையெனில் எழுந்து வேறிடத்தில், மங்கிய வெளிச்சத்தில், மனத்தைக் கிளறாத ஏதேனும் செய்யுங்கள். கண் அயரும்போது திரும்பி வாருங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பகலில் படுத்தே ஆக வேண்டுமெனில், மூன்று மணிக்கு முன் அரைமணி நேரம் போதும்.

இங்கே குடும்பத்தாரிடம் ஒரு சொல். நம் வீடுகளில் பெண் இரவு பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிறார். குழாயில் தண்ணீர் வருகிறது என்று நான்கரைக்கு எழுகிறார். பிறகு ஒருவருக்கு இட்லி, ஒருவருக்குச் சாதம், ஒருவருக்குச் சப்பாத்தி எனக் கட்டிக்கொடுக்கிறார். இடையில் கிடைப்பது ஐந்து மணி நேரம். அதிலும் நான்கு முறை விழிப்பு. எந்த மருந்தும் இந்தக் கணக்கைச் சரிசெய்யாது. தண்ணீர் பிடிப்பதை வேறொருவர் ஏற்றுக்கொள்வதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதலாமா என்று சில வேளைகளில் தோன்றும்.

மருந்துகள்

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் உறக்க மாத்திரையை முதலில் விலக்குங்கள். அல்பிரசோலம் போன்றவை சில வாரங்களிலேயே பழக்கத்துக்கு அடிமையாக்கும். இரவில் எழுந்து நடக்கையில் தடுமாறி விழவும் வைக்கும். எலும்பு மெலியத் தொடங்கும் வயதில் ஒரு வீழ்ச்சி சிறு செய்தியன்று.

வெப்ப அலைகளுக்கு மிகுந்த பயன் தருவது ஈஸ்ட்ரோஜன் சார்ந்த ஹார்மோன் மருத்துவம். அலைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைக்கிறது. கருப்பை உள்ளவர்கள் அதனோடு புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே உட்கொள்ள வேண்டும். இம்மருத்துவத்தைப் பற்றிய அச்சம், 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றிலிருந்து பரவியது. கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களுக்கு எட்டுப் பேர் அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அவ்வாய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாதவர்களுக்கும், தடையேதும் இல்லையெனில் நன்மையே மிகுதி என்பது இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. அறுவையில் சூலகங்களையும் இளவயதில் இழந்தவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் தாமாகவே கேட்க வேண்டும். அவர்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்கவும் இது தேவைப்படலாம்.

ஹார்மோன் கூடாதவர்களுக்கும் வழி உண்டு. குறைந்த அளவில் வென்லாஃபாக்சின், பராக்செட்டின், இரவில் கபாபென்டின் முதலியவை பயன்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் எடுப்போர்க்குப் பராக்செட்டின் பொருந்தாது; தமாக்சிஃபென் வேலை செய்வதை அது குறைத்துவிடும். வியர்வை தாளாமல் தமாக்சிஃபெனையே நிறுத்திவிட்டு, அதைச் சொல்ல அஞ்சி, மறுபரிசோதனைக்கும் வராமல் இருந்த ஒருவரை நான் அறிவேன். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாங்க முடியவில்லை என்று சொல்லுங்கள். மாற்று வழியை நாங்கள் தேடுகிறோம். மூலிகைப் பொடியோ லேகியமோ எடுப்பவராயின் அதன் டப்பாவையும் கொண்டுவாருங்கள். கடிந்துகொள்ள மாட்டோம், சில மூலிகைகள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பதால் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வருமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள்: படுத்த நேரம், விழித்த நேரங்கள், வியர்த்ததா இல்லையா, கடைசியாகக் காப்பி குடித்தது எப்போது, மாதவிடாய் வந்த தேதி.

அந்த ஆசிரியை அப்படித்தான், மாணவர் வருகைப்பதிவேட்டைப் போலக் கோடிட்டு எழுதி வந்தார். இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்தபின் குறைந்த அளவு ஹார்மோன் மருத்துவம் தொடங்கினோம். ஆறு வாரம் கழித்து வந்தபோது குறிப்பேட்டில் ஓர் இரவுக்கு ஒரு விழிப்பு, சில இரவுகளில் இரண்டு. காலைத் தண்ணீரை மகன் பிடிக்கிறானாம். விருப்ப ஓய்வைப் பற்றிக் கேட்டேன். "அரையாண்டுத் தேர்வு வருகிறதே டாக்டர், இப்போது எப்படி?" என்றார்.