எலும்பில்லாத இடத்தில் உப்புநீர்

கேள்வி: பத்து வருடச் சர்க்கரை. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை கேட்கவில்லை. 'உள்ளே இம்ப்ளான்ட் வைத்துவிடலாம்' என்கிறார் யூராலஜி டாக்டர். இப்படி ஒன்று யாருக்குத்தான் முதலில் தோன்றியது?
– பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்: நாய்க்கும் வௌவாலுக்கும் ஆணுறுப்புக்குள் எலும்பு உண்டு, நமக்கு இல்லை. அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் போகோராஸ். காயத்தால் உறுப்பை இழந்தவருக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கி, விறைப்புக்காக அவருடைய விலாக் குருத்தெலும்பையே உள்ளே வைத்தார். 1936-ல் அதை எழுதி வெளியிட்டார். ஆனால் குருத்தெலும்பு நாளடைவில் வளையும், கரையும். அடுத்து பிளாஸ்டிக் குச்சிகள். 1960-களில் எகிப்து மருத்துவர் பெஹேரி, ரத்தம் நிரம்பி விறைக்கும் அந்த இரண்டு குழல்களுக்குள்ளேயே குச்சிகளைச் செருகினார். இன்றும் வைக்கும் இடம் அதுதான்.

குச்சியில் ஒரு சங்கடம்: எப்போதும் விறைப்பாகவே நிற்கும். நம் உடலில் இயற்கை எலும்பை நம்பவில்லை, திரவ அழுத்தத்தை நம்புகிறது என்பதைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த யூராலஜி டாக்டர் பிரான்ட்லி ஸ்காட். 1973-ல் அவர் குழு அறிவித்த கருவியின் இன்றைய வடிவில் உறுப்புக்குள் இரண்டு சிலிக்கோன் உருளைகள், வயிற்றுக்குள் உப்புநீர்ப் பை, விதைப்பையில் சின்ன பம்ப். பம்பைச் சில முறை அமுக்கினால் நீர் உருளைகளுக்கு ஏறும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம். சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான செயற்கை வளையமும் இதே குழு, இதே நீரழுத்த உத்தியில் செய்ததுதான். இரண்டுமே உடலுக்குள் இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது.

பம்ப் வகை இங்கே இறக்குமதி, விலை லட்சங்களில். அதனால்தான் மும்பை ஆண்ட்ராலஜி நிபுணர் ரூபின் ஷா நம் நாட்டிலேயே வடிவமைத்த, வளைத்து வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் குச்சிகளுக்கு மதிப்பு. பல மடங்கு மலிவு. பம்ப் இல்லாததால் பழுதாகவும் அதிகம் ஒன்றுமில்லை. லாட்ஜ் வைத்தியர்களின் லேகியத்துக்குக் காலமெல்லாம் அழுவதைவிட இது நேர்மையான செலவு என்பேன்.

உணர்ச்சியும் விந்து வெளியேறுவதும் பெரும்பாலும் முன்போலவே இருக்கும். நீளம் அதிகமாகாது. பயன்படுத்த நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கிருமித் தொற்று வந்தால் கருவியை வெளியே எடுக்க நேரலாம். ஆகவே சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு தேதி குறியுங்கள். வைத்துவிட்டால் பழைய இயற்கை விறைப்புக்குத் திரும்ப முடியாது. விறைப்புக்கான ஊசியையும் வாக்யூம் பம்பையும் முயன்றாயிற்றா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். கூடவே வீட்டம்மாவையும் அழைத்துப் போங்கள்.